ஒரே டயர், மூன்று வேலை

“ஒரே டயருல மூணு வேலை ஆகாது சார்,” என்று மரிய ஜோசப் மூன்றாவது முறையாகச் சொன்னார். “ரோட்டுக்கு ஒண்ணு, கோனு சுத்துறதுக்கு ஒண்ணு, ரேஸ் டிராக்குக்கு ஒண்ணு. மூணும் மூணு தினுசு.”

“எங்கிட்ட இருக்கது ஒரே காருதானண்ணே,” என்றார் சசிதரன்.

“அப்ப மூணுல ரெண்டு ஆசைய விட்டுருங்க.”

அதுதான் சசிதரனால் முடியவில்லை. சின்னமனூர் மெயின் ரோட்டில் ஜோசப்பின் டயர் கடைக்குள், ஆளுயர டிராக்டர் டயர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டார். வெளியே அவருடைய வெள்ளைக் கார் நின்றிருந்தது. அதன் தலையில் ‘ஜோதி டிரைவிங் ஸ்கூல், உத்தமபாளையம்’ என்று ஒரு மஞ்சள் போர்டு.

அந்தப் போர்டில் இருக்கும் ஜோதி அவருடைய மனைவி ஜோதிலட்சுமி. கல்யாணமான இரண்டாம் வருடம் ஸ்கூலை ஆரம்பித்தபோது மனைவி பெயரையே வைத்தார். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. உத்தமபாளையத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள். பதினெட்டு வருடமும் அவர் இடதுபக்கச் சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் ஓட்டுவதைத் தன் காலால் அடக்கிக்கொண்டே வந்தவர். முப்பதுக்கு மேல் முள் போனால் அவருக்கு வியர்த்துவிடும். ஊரில் அவருக்கு ‘முப்பது சார்’ என்றே பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமையில் மண் அள்ளிப் போட்டவன் கார்த்திக்ராஜ். அவரிடம் பழகிய பையன். இப்போது கோயம்புத்தூரில் வேலை. தேனிக்கு வெளியே ஒரு காலேஜ் மைதானத்தில் கார் கிளப்காரர்கள் வருடாவருடம் ஆட்டோகிராஸ் நடத்துகிறார்கள். ‘கோன்’ என்கிற ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு காராக விடுவார்கள். கூம்பை இடிக்காமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறாரோ அவருக்குக் கோப்பை. போன வருடம் கோப்பை வாங்கிய கார்த்திக்ராஜ் ஒரு வீடியோ போட்டான்.

“கார் ஓட்டுறத சசி சார்கிட்டக் கத்துக்கிட்டேன். கத்துக்கிட்டத மறக்குறதுக்கு ஒரு வருசம் ஆச்சு.”

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் வீடியோ கூடலூரிலிருந்து பெரியகுளம் வரைக்கும் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடியது. அதற்குப் பிறகு காலேஜ் பையன்கள் ஸ்கூல் பக்கம் வருவது குறைந்தது. ஒரு தகப்பனார் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டு வந்தார். “தப்பா நெனைக்காதீக சார். பையன் கொஞ்சம் வேகமா ஓட்டக் கத்துக்கிறணும்ங்குறான்.” பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாக ஒரு டிரைவிங் ஸ்கூல் வேறு வந்துவிட்டது. இப்படியே போனால் தீபாவளிக்குள் மஞ்சள் போர்டை இறக்கிவைக்க வேண்டியதுதான்.

அதனால்தான் சசிதரன் இந்த வருடப் போட்டிக்கு, புதியவர்கள் பிரிவில், பெயர் கொடுத்துவிட்டார். அந்தப் பிரிவில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களைக் கிளப்காரர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக்குக்கு அழைத்துப் போய், அவரவர் காரில் ஒரு நாள் முழுக்க ஓட்ட விடுவார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூம்பு, அதற்கு அடுத்த வாரம் டிராக். இதற்கு நடுவே தினமும் காலை ஏழு மணிக்கு அதே காரில், பழக வரும் பஞ்சம்மாளுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று வேலைக்கும் இருப்பது நான்கு சக்கரம்தான்.

“சரி, விசயத்தைச் சொல்லுங்கண்ணே,” என்றார்.

மரிய ஜோசப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ராயப்பன்பட்டிக்காரர். இருபது வருடமாக டிராக்டர் டயரும் டிப்பர் டயரும் விற்று மனம் காய்ந்துபோயிருந்தார். ஓய்வு நேரத்தில் போனில் ரேஸ் டயர்களைப் பற்றிப் படிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. படித்ததைச் சொல்ல இதுவரை ஒரு ஆள் சிக்கவில்லை.

“டயரோட பக்கத்துல ஒரு நம்பர் போட்டிருப்பான் சார். தேய்மான நம்பரு. கம்மியா இருந்தா ரப்பர் மெத்துனு இருக்கும். இருநூறுன்னு வைங்க, ரோட்டக் கவ்விப் பிடிக்கும். ஆனா சட்டுனு தேஞ்சுரும். மழைனா பயம். சூடேறாம வேலை செய்யாது.”

“கூட இருந்தா?”

“ஐநூறு. இப்ப நீங்க போட்டிருக்கது. வருசக்கணக்கா வரும். வளைவுல மட்டும் கைய விட்டுரும். நடுவுல முந்நூத்தி நாப்பது இருக்கு. அது எல்லாத்தையும் கொஞ்சங் கொஞ்சம் செய்யும்.”

“எத எடுக்கட்டும்?”

“மூணையும் ஓட்டிப் பாருங்க. பிடிக்காதத நான் திரும்ப எடுத்துக்கிறேன். கட்டப்பனைல எங்க மச்சினன் இருக்கான். கொண்டுவரச் சொல்றேன்,” என்றார் ஜோசப். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை இருநூறு நம்பர் டயர் வந்து ஏறியது. வாழைக்காய் மண்டிக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். கூம்புக்கு எங்கே போவது? வெட்டிப்போட்ட வாழை மரங்களைத் துண்டு துண்டாக்கிப் பன்னிரண்டு இடத்தில் நட்டார்கள். ஜோசப் போனில் நேரம் பார்க்க ஓரத்தில் நின்றார். சசிதரன் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் முறையாக ஐம்பதைத் தொட்டார்.

எட்டு வாழை விழுந்தது.

“தெரிஞ்சு ஏத்துனீகளா, தெரியாம ஏத்துனீகளா?” என்று ஜோசப் கேட்டார்.

“திருப்புறேன்ணே. அது பாட்டுக்கு நேரா வழுக்கிட்டுப் போகுது.”

ஜோசப் டயரைத் தொட்டுப் பார்த்தார். “சூடு பத்தல.”

வீட்டுக்குப் போனால் ஜோதிலட்சுமி வேறு காரணம் வைத்திருந்தாள். “புது டயர மாட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போகாம மண்டிக்குப் பின்னால போயி ஓட்டிருக்கீக. வழுக்காம என்ன செய்யும்? நாளைக்குச் சனிக்கிழமைதான, குச்சனூருக்குப் போயிட்டு வருவோம். உங்களத் தனியா விட மாட்டேன், நானும் வாரேன்.”

பின் சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றும். முன் சீட்டில்தான் உட்காருவாள். மடியில் கூடை, கூடைக்குள் நான்கு எலுமிச்சம்பழம், நல்லெண்ணெய் பாட்டில், எள்ளுப் பொட்டலம். வாய்க்கால் ஓரமாக வளைந்து வளைந்து போகும் ரோட்டில் சசிதரன் ஆசைக்குக் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார்.

என்ன ஆச்சரியம்! கார் ஒட்டவைத்த மாதிரி திரும்பியது. அடுத்த வளைவில் இன்னும் அழுத்தினார். அதே பிடிப்பு. நாற்பத்தாறு வயதில் அவருக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது.

“பயமா இருக்கா ஜோதி?”

ஜோதிலட்சுமி ஒரு கையால் கூடையையும் மறு கையால் மேலே இருந்த கைப்பிடியையும் பிடித்திருந்தாள். உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. “அதெல்லாம் இல்ல. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க,” என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகவே இவளை இன்னொரு தடவை கட்டிக்கொள்ளலாம் என்று சசிதரனுக்குத் தோன்றியது. கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, நேராக ஜோசப்புக்குப் போன் போட்டார்.

“அண்ணே, நீங்க சொன்னது சரி! சூடேறுனதும் சும்மா கவ்விப் பிடிக்குது!”

ஞாயிற்றுக்கிழமை சூடேற்றுவதற்காகவே கம்பம் வரை தனியாகப் போய்த் திரும்பி, நேரே மைதானத்துக்குள் இறக்கினார். ஒன்பது வாழை விழுந்தது.

ஜோசப் குனிந்து டயரை மோந்து பார்த்தார். “நல்லெண்ண வாசம் வருது சார். எங்கன கொண்டுபோயி நிப்பாட்டுனீக?”

“விளக்குப் போடுற எடத்துக்கிட்ட.”

“வெளங்கிரும்!”

சோப்புத்தூள் போட்டு நான்கு டயரையும் தேய்த்துக் கழுவினார்கள். தேய்த்த இடத்துச் சேற்றையும் நுரையையும் சுமந்துகொண்டு கார் மறுபடி கிளம்பியது. பத்து.

இதற்கிடையில் வகுப்புகளும் நடக்க வேண்டுமல்லவா? பஞ்சம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கும் கணவர் கருத்தக்கண்ணனுக்கும் திராட்சைத் தோட்டம். போன மாதம் புதுக் கார் வாங்கியிருந்தார்கள். பஞ்சம்மாள் பத்தில் போவாள், பதினொன்றுக்கு வரமாட்டாள். மெத்து டயர் ரோட்டில் கிடந்த ஜல்லியை எல்லாம் பொறுக்கிக் காருக்கு அடியில் அடித்துக்கொண்டே வந்தது.

“சார், அடியில யாரோ பொரி வறுக்குறாகளே,” என்றாள்.

“அது ரேஸ் டயரும்மா. அப்பிடித்தான் சத்தம் போடும்.”

“நமக்கு எதுக்கு சார் ரேஸு? எங்க வீட்டுக்காரரு டிராக்டரு ஓட்டுறதே ரேஸ்தான். புதுக் காரையும் அப்பிடித்தான் ஓட்டுறாக. உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அதுக்குத்தான் நானே கத்துக்கிறலாம்னு வந்தேன்.”

அடுத்து முந்நூற்று நாற்பது. தனியாக ஓட்டியதில் ஏழு வாழை. மூன்று நாள் முயன்றும் ஏழு ஏழாகவே இருந்தது. மண்டிக்காரர் வந்து, நடுவதற்கு இனி வாழை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டிக்குப் பத்து நாள் இருந்தது.

“ஒருக்கா பழைய டயரையே போட்டுப் பாப்போம். எது மோசம்னு தெரிஞ்சாத்தான எது நல்லதுன்னு தெரியும்?” என்றார் ஜோசப். பழைய ஐநூறு ஏறியது.

அன்றைக்குப் பார்த்து லோயர் கேம்ப்பில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஜோதிலட்சுமி கிளம்பினாள். பஞ்சம்மாளுக்கும் மெயின் ரோட்டுப் பழக்கம் வேண்டியிருந்தது. போகும்போது பஞ்சம்மாள் ஓட்டினாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த வேகத்தில் பின் சீட்டில் இருந்த ஜோதிலட்சுமிக்குத் தலைகூடச் சுற்றவில்லை. திரும்பும்போது மலையிலிருந்து சாரல் இறங்கிவிட்டதால் சசிதரனே ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஜோதிலட்சுமி முன்னால் வந்து உட்கார்ந்தாள். பஞ்சம்மாள் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி இரண்டு கையாலும் இரண்டு முன் சீட்டையும் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடி வந்தாள்.

ரோடு ஈரம். டயரோ கட்டை. வளைவில் கைவிடும் என்று ஜோசப்பே சொன்ன டயர். இருந்தும் சசிதரனுக்குக் கால் சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் அழுத்தினார்.

கார் தண்டவாளத்தில் போவதுபோல் போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் மூக்கை உள்ளே வைத்து, அடங்கி, வெளியே வந்தது. லாரிக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“பஞ்சம்மா! எப்பிடி ஓட்டுறதுன்னு நல்லாப் பாத்துக்கங்க!” என்று உற்சாகத்தில் கத்தினார் சசிதரன்.

“பாத்துக்கிட்டுத்தான் சார் வாரேன்,” என்றாள் பஞ்சம்மாள்.

ஜோசப்புக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. “மழைல அந்த டயரு பிடிக்காது சார். செஞ்ச கம்பெனிக்காரனே பிடிக்காதுன்னுதான் சொல்றான்.”

“பிடிச்சுச்சேண்ணே!”

“காஞ்ச தரைல மெத்து டயரு வழுக்குது, ஈரத்துல கட்ட டயரு பிடிக்குது. அப்ப நான் படிச்சதெல்லாம் பொய்யா?” கடைக் காலண்டரைக் கழற்றிவந்து ஒவ்வொரு தேதியாக விரலை வைத்தார். கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். “சார், குச்சனூரு போறப்ப வண்டில யாரு இருந்தா?”

“ஜோதி.”

“லோயர் கேம்ப்புல?”

“ஜோதியும் பஞ்சம்மாவும்.”

“மைதானத்துல?”

“நான் மட்டுந்தான்.”

ஜோசப் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். “வெயிட்டு சார், வெயிட்டு! நீங்க வலது பக்கம் ஒக்காந்திருக்கீக. எடது பக்கம் காலி. அந்தப் பக்கத்து டயரு தரைல அழுந்தல. அக்கா ஒக்காந்தா ரெண்டு பக்கமும் சமம். அம்புட்டுத்தான்! மாதாவே, இது எனக்கு மொதல்லயே தோணலையே!”

விஷயம் பிடிபட்டதும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இனி ஒரே ஒரு தகவல்தான் தேவை. அன்று மாலை தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றிருந்த மனைவியிடம் சசிதரன் சாதாரணமாகக் கேட்டார்.

“ஜோதி, நீ எத்தன கிலோ இருப்ப?”

தோசைத் திருப்பி கல்லின் மேலேயே நின்றது. “எதுக்குக் கேக்குறீக?”

“ஒரு டயரு விசயமா.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. தட்டு மேஜையில் வந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது. வெறும் கேள்விதான் கேட்டோம், இதில் என்ன தப்பு என்று சசிதரனுக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை. கல்யாணமாகி இருபது வருடம் ஆனவருக்கு இது விளங்காவிட்டால் டயர் மட்டும் எங்கே விளங்கப் போகிறது?

“கேட்டதே தப்பு சார்,” என்றார் ஜோசப். “நம்மளா ஒரு குத்துமதிப்பு போடுவோம். இருபத்தஞ்சு கிலோ அரிசிச் சிப்பம் ரெண்டு, மேல ஒரு பதினஞ்சு கிலோ உளுந்து. சரியா இருக்குமா?”

“கொஞ்சம் கூட.”

“கூடவே இருக்கட்டும்.”

முந்நூற்று நாற்பது டயரையே மறுபடி மாட்டினார்கள். அரிசிச் சிப்பங்களை முன் சீட்டில் அடுக்கி, உளுந்து மூட்டையை மேலே உட்காரவைத்து, மொத்தத்துக்கும் சீட் பெல்ட் போட்டார்கள். இந்த முறை வாழைக்குப் பதில் காலி பெயின்ட் டப்பாக்கள். சசிதரன் கிளம்பினார். மூன்றாவது வளைவில் உளுந்து மூட்டை வாயைப் பிளந்தது. பதினைந்து கிலோ உளுந்து காருக்குள் மழையாகக் கொட்டி, காலுக்கு அடியில் உருண்டது. பன்னிரண்டு டப்பாவும் விழுந்தது. பதின்மூன்றாவதாக மண்டியின் தகரக் கதவு.

காரைக் கூட்டினார்கள், துடைத்தார்கள். ஆனால் உளுந்து அப்படி எளிதில் போகுமா? மறுநாள் காலை காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடிய ஜோதிலட்சுமி, ஒரு கை உளுந்தோடு வீட்டுக்குள் வந்தாள்.

“என் சீட்டுல எத ஒக்கார வச்சீக?”

சசிதரனுக்குப் பொய் சொல்ல வராது. அரிசி, உளுந்து, குத்துமதிப்பு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ‘கொஞ்சம் கூட’ என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

“அப்ப மூட்டையையே கூட்டிட்டுப் போங்க! எனக்கென்ன?” என்று அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவர் பின்னாலேயே போனார்.

“வெளையாட்டுக்கு நான் எதையும் செய்யல ஜோதி. அந்தப் பய போட்ட வீடியோவப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமே சரியில்ல. இந்த மாசம் புதுசா ரெண்டு பேருதான் சேந்திருக்காக. போர்ட எறக்கிட்டு எங்கயாவது வேன் ஓட்டப் போறதுன்னாக்கூடப் போயிருவேன். ஆனா போர்டுல இருக்கது உன் பேரு. அது எறங்குறத என்னால பாக்க முடியாது.”

ஜோதிலட்சுமி உளுந்தைச் சிறுகச் சிறுகத் தட்டில் போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

“ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குப் போகணும்?”

புதியவர்கள் பிரிவில், வழியைச் சொல்வதற்குப் பக்கத்தில் ஒருவர் உட்காரலாம் என்று கிளப் விதியிலேயே இருந்தது. ஆகவே தடையில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு மஞ்சள் போர்டோடு கார் மைதானத்துக்குள் நுழைந்தபோது, நின்றிருந்த பையன்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கிளப்காரர்கள் போர்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிப் பத்திரமாகப் பின் சீட்டில் படுக்கவைத்தார் சசிதரன்.

மரிய ஜோசப் காற்றழுத்தம் பார்த்தார். பிறகு டயர் ஓரத்தில் எவ்வளவு தூரம் தரையில் படுகிறது என்று தெரிவதற்காக, நான்கு டயரிலும் சாக்பீஸால் கோடு போட்டார். எல்லா ரேஸ்காரர்களும் செய்வதுதான். அவர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஜோதிலட்சுமி நனைந்த துணியால் எல்லாக் கோட்டையும் துடைத்துவிட்டாள்.

“யாரோ நம்ம டயருல எதையோ எழுதி வச்சிருக்காகங்க. நல்ல வேளை, நான் பாத்தேன்.”

ஜோசப் நெற்றியில் அடித்துக்கொண்டார். இனிப் போட நேரமில்லை. இருபத்துமூன்று பேரில் பதினேழாவது ஆளாகச் சசிதரனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மல்லிகைப் பூவின் மேலேயே ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு ஜோதிலட்சுமி முன் சீட்டில் ஏறினாள்.

“பயமா இருந்தாச் சொல்லு,” என்றார்.

“நீங்க ரோட்டப் பாருங்க.”

கொடி இறங்கியது.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிச் சசிதரன் பிற்பாடு எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொன்னார். உண்மையில் அவருக்கு நினைவில் நின்றது கொஞ்சம்தான். “எடது… வலது… அந்தா, சுத்தி வாங்க…” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த மனைவியின் குரல். ஆக்சிலரேட்டரில் வைத்து அழுத்திய தன் கால். வளைவு வரவர அடங்கி, உள்ளே திரும்பி, நிமிர்ந்து பாய்ந்த கார். எதிரே வந்து விலகிப்போன ஆரஞ்சு நிறங்கள். முடிந்தபோது மைதானம் முழுக்கக் கைதட்டல். ஒரு கூம்புகூட அசையவில்லை.

இரண்டாம் இடம்.

ஜோசப் ஓடிவந்து முதலில் கட்டிப்பிடித்தது டயரைத்தான். சசிதரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது துடைக்கலாம் என்று நின்றார். கூட்டம் விலகவில்லை. எல்லாருக்கும் முன்னால் துடைத்துக்கொண்டார்.

பெரிய பிரிவில் ஓட்ட வந்திருந்த கார்த்திக்ராஜ் அவர் முன்னால் வந்து தலை குனிந்து நின்றான். “சார், அன்னைக்கு வாய்த்துடுக்குல சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க. நீங்க வளைவுல போன அழகு எனக்கே வராது. என்ன டயரு சார் அது?”

“டயர மட்டும் பாத்தாப் போதாதுடா. ரெண்டு பக்கமும் வெயிட்டு சமமா இருக்கணும். நம்பி மிதிக்கணும்,” என்றார் சசிதரன். “சத்தியமாச் சொல்றேன், இந்த ஒரு நிமிசத்துல நான் பிரேக்கத் தொடவே இல்ல.”

“தொடவே இல்லையா!” என்று கூட்டம் வாயைப் பிளந்தது. கார்த்திக்ராஜ் அங்கேயே நின்று புது வீடியோ போட்டான். “சசி சார்கிட்டக் கத்துக்கிட்டத மறந்தது என் தப்பு” என்று அதில் சொன்னான். ஜோதிலட்சுமி வேப்பமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, நசுங்கிய பூவை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவளுக்கும் கண் கலங்கியது.

திங்கட்கிழமை காலை ஸ்கூல் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. புதிதாகச் சேர வந்தவர்கள் மட்டும் பதினான்கு பேர். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிப் போன தகப்பனாரும் மகனோடு வந்து வரிசையில் நின்றார். ஜோதிலட்சுமி மேஜையில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். சசிதரன் சுவரில் ஒரு டயரைச் சாத்திவைத்துவிட்டுப் பாடம் நடத்தினார். மெத்து டயருக்கும் கட்டை டயருக்கும் வித்தியாசம், சூடு, ஈரம், எடை என்று ஒன்று பாக்கியில்லை. “நல்ல டயரப் பூட்டி, சமமா வெயிட்டு இருந்துச்சுன்னா, பிரேக்கே தேவையில்ல!” என்று முடித்தார். பையன்கள் கை தட்டினார்கள்.

அந்த நேரத்தில் பஞ்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“வாங்கம்மா. உங்க லைசென்ஸ்தான் வந்துருச்சே,” என்றார் சசிதரன். “இனிமே நீங்க தாராளமா உங்க வண்டிய ஓட்டலாம். இன்னும் என்ன பழகணும்?”

“நான் எங்க சார் ஓட்டப் போறேன்? ஸ்டியரிங்க எங்க வீட்டுக்காரரு விட்டுத்தர மாட்டாக,” என்றாள் பஞ்சம்மாள். “அதனால எங்க காருலயும் எடது பக்கம் ஒரு பிரேக்கு வச்சுக் குடுத்துருங்க, அன்னைக்கு லோயர் கேம்ப்புல இருந்து வாரப்ப வளைவுக்கு வளைவு அக்கா உங்களுக்குத் தெரியாம மிதிச்சுக்கிட்டே வந்தாகள்ல, அந்தப் பாடத்த மட்டும் எனக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க.”